பான் நம்பர் குடுக்கறோம் சரி, அதுக்கு ஒரு பூட்டு எங்கங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

கூலி வேலைக்குப் போற அம்மாவுக்கு கோடிக்கணக்குல ஜிஎஸ்டி பாக்கின்னு நோட்டீஸ், ஊரைத் தாண்டாத பொண்ணு பேர்ல வடக்க எங்கயோ இரும்பு வியாபாரம்னு அடிக்கடி பேப்பர்ல செய்தி வருது. படிச்சவங்க அட பாவமேன்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் திருப்பிடறாங்க, செய்தியும் போலீசார் விசாரித்து வருகின்றனர்னு முடிஞ்சிடுது. அப்புறம் அந்த அம்மா என்ன ஆனாங்க, நோட்டீஸ் ரத்தாச்சா, மாட்டினது யாருன்னு ஒண்ணும் தெரியறதில்ல. நான் பாலக்கோட்டுல ஜெராக்ஸ் போட்டு, ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கற கடை வெச்சிருக்கேன், இவங்க பான் கார்டை வெச்சு வேற எவனோ கம்பெனி திறக்கற இந்த விஷயம் எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு எங்க கடை கவுண்டர்ல உக்காந்து பார்த்தா தெரியும், அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, நோட்டீஸ் வந்தா என்ன பண்றதுங்கற பகுதியை மட்டும் வெட்டிடாதீங்க.

இந்த மாதிரி செய்தி வந்த அன்னைக்கே வாட்சப்ல ஒண்ணு கிளம்பிடும், உங்க பான் நம்பரை யாருக்கும் குடுக்காதீங்க, எல்லா குரூப்புக்கும் அனுப்புங்கன்னு. அனுப்பறவங்களுக்கு வரி பிடிக்கறது எப்படின்னு தெரியாதுன்னு நெனைக்கறேன். நம்ம பக்கம் லாரி வெச்சிருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க, கிருஷ்ணகிரி கிரானைட்டோ ராயக்கோட்டை தக்காளியோ எதை ஏத்தினாலும் சரி, பத்து வண்டிக்குள்ள வெச்சிருக்கற ஓனர் பான் நம்பரோட ஒரு உறுதிமொழி எழுதிக் குடுத்துட்டா கம்பெனிக்காரங்க வாடகையில டிடிஎஸ், அதாவது பணம் குடுக்கறப்பவே கழிச்சுக்கற வருமான வரி, பிடிக்க வேண்டியதில்ல, பான் இல்லன்னா 20 சதவீதம் பிடிப்பாங்க. லட்ச ரூபா வாடகைக்கு 20 ஆயிரம் அங்கயே நின்னு போச்சுன்னா டீசலுக்கும் டியூவுக்கும் எங்க போறது. பேங்க்ல போட்ட டெபாசிட் வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்கறப்பவும் அதே கதைதான், பான் இருந்தா 10 சதவீதம், இல்லன்னா 20. கல்யாணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல நகை எடுக்கறவங்ககிட்ட 2016 லேர்ந்து கேக்கறாங்க. ஆக நம்பரைக் குடுக்காம பொழப்பு நடக்காது. குடுத்த நம்பர் அப்புறம் எங்கெங்க சுத்துதுன்னு குடுத்தவங்களுக்கு ஏன் தெரியவே மாட்டேங்குது, அதைத்தான் நான் கேக்கறேன்.

இதுல இன்னொரு கூத்து என்னன்னா, நம்பர் கேட்டா யாரும் நம்பரை எழுதிக் குடுக்கறதில்ல, கார்டையே ஜெராக்ஸ் போட்டுக் குடுக்கறாங்க, வாங்கறவங்களும் அதைத்தான் கேக்கறாங்க. குழு லோன், ஃபைனான்ஸ்ல வண்டி எடுக்கறது, மாங்கூழ் ஃபேக்டரியில சீசன் வேலை, ஓசூர் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை, பெங்களூருக்கு பில்டிங் வேலைக்கு ஆள் கூட்டிட்டுப் போற மேஸ்திரி, எல்லாருக்கும் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ ரெண்டு. அண்ணா ரெண்டு செட் போடுங்கன்னு சொல்லி வாங்கி, கடை டேபிள்லயே வெச்சு ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போட்டு, பின் அடிச்சு எடுத்துட்டுப் போறாங்க. எதுக்குன்னு அந்த தாள்ல ஒரு வார்த்தை இருக்காது, தேதி இருக்காது. அந்த ஒரு செட் தப்பான ஆள் கையில சிக்கினா போதும், அவங்க பேர்ல கம்பெனி ஆரம்பிக்கறதுக்கு முக்கால்வாசி வேலை முடிஞ்ச மாதிரி. லோன் கிடைக்கலன்னா பணம் வராது அவ்வளவுதான், செட்டைத் திருப்பிக் குடுத்த ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. பழைய பேப்பர் கடைக்குத்தான் போகுது, அங்க இருந்து டீக்கடைக்கு. எங்க தெருவுல போண்டா மடிச்சுக் குடுத்த தாள்ல யாரோ ஒரு பொண்ணோட பான் கார்டு, எண்ணெய் ஊறிப் போயி, போட்டோவும் நம்பரும் கீழ போட்ட கையெழுத்தும் பளிச்சுனு தெரியுது. போண்டாவைத் தின்னுட்டு தாளைக் கிழிச்சுப் போட்டேன், வேற என்ன பண்றது.

மாரண்டஹள்ளி பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க, பூந்தோட்டத்துல பூ பறிக்கற வேலை, வேலை இல்லாத நாள்ல நூறு நாள் வேலைக்குப் போவாங்க. கையில ஒரு கவர், பிரிச்சுப் பிரிச்சு மடிச்சதுல ஓரமெல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு. “தம்பி, போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிட்டு இதைக் குடுத்தாரு, ஊர்ல யாருக்கும் படிக்கத் தெரியல, என்னன்னு பாருப்பா”ன்னாங்க. முழுக்க இங்கிலீஷ். நான் “ஏதாச்சும் கம்பெனி வெச்சிருக்கீங்களாக்கா?”ன்னு கேட்டதுக்கு அவங்களுக்கு சிரிப்பு வந்துடுச்சு. “கம்பெனியா, எனக்கு மாட்டுக் கொட்டாயே ஒழுங்கா இல்லப்பா.”

ஜிஎஸ்டி நம்பர்ங்கறது 15 எழுத்து. முதல் ரெண்டு மாநிலத்தோட நம்பர், தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. அந்த நோட்டீஸ்ல இருந்தது 29 ல ஆரம்பிச்சுது. அதுக்கடுத்த 10 எழுத்து பான் நம்பர் அப்படியே வரும். அக்காவோட பான் கார்டை வாங்கி நோட்டீஸ் பக்கத்துல வெச்சு ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சுப் பார்த்தேன், நாலாவது எழுத்து பி (P), அப்படின்னா தனி ஆளு, அஞ்சாவது அவங்க இனிஷியலை விரிச்சு எழுதின அப்பா பேரோட முதல் எழுத்து, அப்புறம் நாலு நம்பர், கடைசி எழுத்து, ஒண்ணு கூட மாறல. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது ஆனா நம்பர் தெரியும், என் விரலைப் பார்த்துட்டே இருந்தவங்க சிரிப்பை நிறுத்திட்டாங்க. விசாரிச்சா, முன்னாடி ஒரு ஆள் குறைஞ்ச வட்டிக்கு லோன் வாங்கித் தரேன்னு தெருவுல நிறைய பேர்கிட்ட செட் வாங்கிட்டுப் போயிருக்கான், போனுக்கு ஒரு நம்பர் வரும் சொல்லுங்கன்னிருக்கான், இவங்களும் சொல்லியிருக்காங்க. லோன் வரல, அவனும் வரல.

இது எப்படி நடக்குதுன்னா, அந்த நம்பர்ல ஒரு பேர்ப்பலகை கம்பெனி திறப்பாங்க, சரக்கு ஒண்ணும் நகராது, பில் மட்டும் போட்டுத் தள்ளுவாங்க. அந்த பில்லை வாங்கறவன் நான் ஏற்கெனவே இவ்வளவு ஜிஎஸ்டி குடுத்துட்டேன்னு கணக்குக் காட்டி தன்னோட வரியில கழிச்சுக்குவான், பில் வித்தவனுக்கு கமிஷன். யாருமே வரி கட்டாம கவர்மெண்ட் பணம் போயிடும். கொஞ்ச நாள்ல கடையைச் சாத்திட்டு ஓடிடுவான். அப்ளிகேஷன்ல போட்ட மொபைலும் மெயிலும் அவனோடது, அதனால கம்பெனி ஆரம்பிச்ச மெசேஜ், ரிட்டர்ன்ங்கற வரிக் கணக்கு போடச் சொல்ற மெசேஜ் எல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கும், அவன் ஓடின பிற்பாடு துறைக்குக் கிடைக்கற ஒரே உண்மையான விலாசம் அந்த பான் கார்டுக்குச் சொந்தக்காரங்களோடது. கவர்மெண்ட் சும்மா இருக்குன்னு சொல்ல மாட்டேன். போலி ரிஜிஸ்ட்ரேஷனைப் பிடிக்க 2023 மே லேர்ந்து ஜூலை வரைக்கும் ஒரு தடவை, 2024 ஆகஸ்ட் லேர்ந்து அக்டோபர் வரைக்கும் ஒரு தடவை நாடு முழுக்க சோதனை போட்டாங்க, ஆதார் கைரேகை வெச்சுத்தான் ஜிஎஸ்டி நம்பர்ங்கற முறையை படிப்படியா எல்லா மாநிலத்துக்கும் கொண்டு வரணும்னு 2024 ஜூன்ல ஜிஎஸ்டி கவுன்சில் சொல்லுச்சு. நல்ல விஷயம். ஆனா அதுக்கு முன்னாடியே திறந்து மூடின கம்பெனிங்களோட நோட்டீஸ் இனிமேலும் வந்துட்டேதான் இருக்கும்.

நோட்டீஸ் வந்தாத்தானே பிரச்சனைன்னு நெனைக்காதீங்க. 2023 ஜூலை 24 ந்தேதி நம்ம தொப்பூர்லதான் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கற முகாமை முதலமைச்சர் தொடங்கி வெச்சாரு, நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு மறந்திருக்காது. அன்னைக்குப் போட்ட விதியில யார் யாருக்குக் கிடையாதுன்னு ஒரு லிஸ்ட் இருந்துச்சு, வருமான வரி கட்டறவங்க, வருஷத்துக்கு 50 லட்சத்துக்கு மேல வியாபாரம் பண்ணி ஜிஎஸ்டி கட்டறவங்க இவங்களுக்கெல்லாம் கிடையாது. பிஎம் கிசான்ல வருஷம் 6,000 வாங்கற விவசாயியும் வருமான வரி கட்டியிருந்தா தகுதி இல்ல. இதெல்லாம் சரியான விதிதான். ஆனா பூ பறிக்கற அக்கா பேர்ல எவனோ கோடிக்கணக்குல பில் போட்டிருந்தா கம்ப்யூட்டருக்கு அவங்க யாரு? பெரிய முதலாளியம்மா. மாசம் 1,000 ரூபா ஏன் நின்னுச்சுன்னு அவங்க எந்த ஆபீஸ்ல போய்க் கேப்பாங்க.

நோட்டீஸ் வந்தா பயந்து போய் பீரோவுல வெச்சுப் பூட்டறதுதான் எல்லாரும் பண்றது, அதுதான் ரொம்ப ஆபத்து. ஜிஎஸ்டியில நோட்டீஸுக்குப் பதில் சொல்லாம விட்டா வரி கட்டச் சொல்லி ஆர்டர் போட்டுடுவாங்க, ஆர்டர் வந்துட்டா அப்பீல் போக 3 மாசம் டைம், அந்த அப்பீல் போடணும்னாலே தகராறுல இருக்கற வரியில 10 சதவீதம் முதல்ல கட்டணும். ஒரு கோடின்னு போட்டிருந்தா 10 லட்சம்ங்க. நான் அவ இல்லன்னு சொல்றதுக்கு 10 லட்சம்! அதனால பதில் சொல்ல வேண்டியது நோட்டீஸ் கட்டத்துலயே, அதுல போட்ட தேதிக்குள்ள. இந்த கம்பெனி என்னுது இல்ல, என் பான் ஆதாரைத் திருடிட்டாங்கன்னு எழுதி, போலீஸ் ஸ்டேஷன்லயோ மாவட்ட சைபர் கிரைம்லயோ புகார் குடுத்து, எஃப்ஐஆர் போடலன்னாலும் புகார் வாங்கிக்கிட்டதுக்கான சிஎஸ்ஆர் ரசீதாச்சும் வாங்கி, அதோட காப்பியைச் சேர்த்து நோட்டீஸ் அனுப்பின அதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பணும், ஜிஎஸ்டி போர்ட்டல்லயும் புகார் போட்டு டிக்கெட் நம்பர் வாங்கிக்கலாம். அக்காவுக்கு இப்படித்தான் பண்ணினோம், எங்க ஊர் வக்கீல் ஒருத்தர் பீஸ் வாங்காம பதில் எழுதிக் குடுத்தாரு. ஸ்டேஷன்லதான் இது பெங்களூர் விவகாரம், அங்க போய்க் குடும்மான்னு சொல்லிட்டாங்க, ரொம்ப அலைஞ்சப்புறம்தான் ரசீது கிடைச்சுது. பஸ்ஸுக்குக் காசு சேர்த்துட்டு வர்றவங்களை பெங்களூர் போகச் சொல்றாங்க.

நோட்டீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, அதைச் சொல்லத்தான் முக்கியமா எழுத ஆரம்பிச்சேன். ஜிஎஸ்டி வெப்சைட்ல லாகின் எதுவும் இல்லாம, சர்ச் டேக்ஸ்பேயர்ங்கற இடத்துல சர்ச் பை பான்னு இருக்கும், அதுல உங்க பான் நம்பரைப் போட்டா இந்தியாவுல எந்த மாநிலத்துல அந்த நம்பர்ல ஜிஎஸ்டி எடுத்திருந்தாலும் காட்டிடும். காசு கிடையாது, ஓடிபி கிடையாது, போன்லயே பாக்கலாம். எங்க கடைக்கு வர்றவங்களுக்கு நான் இதை சும்மாவே பார்த்துச் சொல்றேன். வருமான வரி பக்கத்துல ஏஐஎஸ்னு ஒரு வருஷக் கணக்கு இருக்கு, 2021 லேர்ந்து வருது, உங்க பான்ல யார் யார் என்ன பணம் குடுத்ததா காட்டியிருக்காங்கன்னு அதுல வரும், நமக்குச் சம்பந்தமில்லாதது இருந்தா இது என்னுது இல்லன்னு அங்கயே பதில் போடலாம். பிடிஎஃப் திறக்க பாஸ்வேர்டு பான் நம்பர் சின்ன எழுத்துல, கூடவே பிறந்த தேதி, நிறைய பேர் அதுலயே திணறிப் போய் விட்டுடறாங்க. உங்க பேர்ல எவனாச்சும் லோன் வாங்கியிருக்கானான்னு தெரிய யார் யார் என்ன கடன் வாங்கினாங்கன்னு கணக்கு வெச்சிருக்கற சிபில் மாதிரி நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா குடுத்தாகணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, 2017 லேர்ந்து.

இன்னொரு பக்கம் போலி நோட்டீஸ் வேற. பான் கார்டு முறையைப் புதுப்பிக்கற பான் 2.0 ங்கற திட்டத்துக்கு 2024 நவம்பர்ல மத்திய அரசு ஒப்புதல் குடுத்ததும் புது கார்டு டவுன்லோடு பண்ணுங்கன்னு திருட்டு மெயில் வர ஆரம்பிச்சிடுச்சு. வருமான வரித்துறை அனுப்பற கடிதத்துல டின் (DIN) னு ஒரு கடித நம்பர் 2019 அக்டோபர் லேர்ந்து இருக்கும், அதை அவங்க போர்ட்டல்லயே போட்டு அது நிஜமான்னு பார்க்கலாம், லாகின் தேவையில்ல. லிங்க் அனுப்பி ஓடிபி கேட்டா அது துறை இல்ல, அவ்வளவுதான். ஏமாந்து பணம் போயிட்டா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930 க்கு அடிங்க.

எங்க தொழில்காரங்களைப் பத்தியும் சொல்லணும், சொல்லலன்னா மத்தவங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்ல. சில கடைங்கள்ல கம்ப்யூட்டரைத் திறந்தா டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல ஊர்ல பாதிப் பேரோட ஆதாரும் பானும் கிடக்கும், யாரு வேணும்னாலும் பென்டிரைவ்ல அள்ளிட்டுப் போகலாம். அதை விட மோசம், பான் அப்ளிகேஷன்லயும் வருமான வரி போர்ட்டல்லயும் கஸ்டமர்கிட்ட மெயில் இல்லன்னு கடைக்காரங்களே தங்களோட நம்பரையும் மெயிலையும் போட்டுடறது. அப்புறம் அந்த ஆளுக்கு வர வேண்டிய எச்சரிக்கை எல்லாம் கடைக்காரங்க போனுக்கு வரும், அவங்க பார்க்காம அழிச்சுடுவாங்க. ஆடிட்டர் ஆபீஸ்லயும் இது உண்டு. உங்க பேர்ல போர்ட்டல்ல யாரோட போன் நம்பர் இருக்குன்னு இன்னைக்கே கேளுங்க, வேற யாரோடதாச்சும் இருந்தா மாத்தச் சொல்லுங்க, அதுக்கு சங்கடப்பட வேண்டியதில்ல. ஜெராக்ஸ் குடுக்கறப்போ தாள் மேல குறுக்க, இன்ன லோனுக்கு மட்டும்னு எழுதி தேதி போட்டுக் குடுங்க, வாங்கறவங்க முறைச்சா முறைக்கட்டும். எங்க கடையில டேபிள்ல ஒரு பேனாவை கயிறு கட்டி வெச்சிருக்கேன், இதுக்காகவே. ஆதாருக்கு கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க் காப்பி எடுத்துக்கலாம். 2022 மே மாசம் ஆதார் அமைப்போட பெங்களூர் ஆபீஸ், ஜெராக்ஸ் குடுக்காதீங்கன்னு அறிக்கை விட்டுச்சு, ரெண்டே நாள்ல ஜனங்க தப்பா புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்லி வாபஸ் வாங்கிட்டாங்க! ஜனங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

ஆனா இதெல்லாம் நாம பண்றது. துறை பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. எங்க சொந்தக்காரப் பையன் அமெரிக்காவுல வேலை பாக்கறான், அங்கயும் சம்பளம், காண்ட்ராக்ட் எல்லாத்துக்கும் வரி நம்பர் குடுத்தாகணும், காண்ட்ராக்ட் காசு மாதிரி விஷயத்துல குடுக்கலன்னா 24 சதவீதம் பிடிச்சுக்குவாங்களாம், அதாவது நம்ம ஊர் 20 சதவீதத்தோட அண்ணன். ஆனா அங்க வருமான வரித்துறை, கேக்கறவங்களுக்கு ஐபி பின்னுன்னு 6 இலக்க ரகசிய நம்பர் ஒண்ணு தருது, வருஷா வருஷம் புதுசா மாறும், அந்த நம்பர் இல்லாம அவன் பேர்ல வேற எவனும் ஆன்லைன்ல ரிட்டர்ன் போட முடியாது. முதல்ல திருட்டுக்கு ஆளானவங்களுக்கு மட்டும் குடுத்தாங்க, 2021 லேர்ந்து கேட்டா யாருக்கு வேணும்னாலும். நம்ம ஊர்ல ஆதார் கைரேகையைப் பூட்டி வெக்க வசதி இருக்கு. வருமான வரி போர்ட்டல்ல ஈ-ஃபைலிங் வால்ட்னு ஒண்ணு இருக்கு, ஆன் பண்ணிட்டா பாஸ்வேர்டு தெரிஞ்சவன் கூட உள்ள வர முடியாது, இது நிறைய பேருக்குத் தெரியாது. ஆனா அது அந்த போர்ட்டல் கதவுக்கு மட்டும்தான். என் பான்ல ஜிஎஸ்டி நம்பர் எடுக்கக் கூடாதுன்னு பூட்ட ஒரு வழி இல்ல. நூறு நாள் வேலைக்குப் போறவங்க எத்தனை பேர் நாளைக்கே ஜிஎஸ்டி கம்பெனி ஆரம்பிக்கப் போறாங்க? பூட்டியே வெச்சிருக்கட்டும், ஆரம்பிக்கணும்னா அவங்களே திறந்துக்குவாங்க. அது முடியலன்னா, ஒரு பான்ல ஜிஎஸ்டிக்கு விண்ணப்பம் வந்த உடனே, விண்ணப்பத்துல போட்ட மொபைலுக்கு மட்டும் அனுப்பாம, ஆதார்ல இருக்கற மொபைலுக்கும் தமிழ்ல ஒரு எஸ்எம்எஸ், உங்க பேர்ல கம்பெனி ஆரம்பிக்கறாங்க, நீங்க இல்லன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு. கேஸ் சிலிண்டர் புக் பண்ணினா மெசேஜ் வருது, கம்பெனி ஆரம்பிச்சா வர முடியாதா.

அது டெல்லியில முடிவாகிற விஷயம், நாளாகும்னு தெரியும். அதுவரைக்கும் தர்மபுரியிலயும் கிருஷ்ணகிரியிலயும் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்கற நாள்ல ஒரு டேபிள், ஒரு லேப்டாப், வணிக வரித்துறையில இருந்து ஒருத்தர் உக்காந்து, வர்றவங்க பான் நம்பரைப் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும், தப்பா ஏதாச்சும் இருந்தா அங்கயே மனு எழுதி வாங்கி சைபர் கிரைமுக்கு அனுப்பட்டும். ஒருத்தருக்குப் பார்க்க ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. ரெண்டு கலெக்டர் ஆபீஸ்லயும் உங்க பேப்பர் வாங்கறாங்க, அவங்க கண்ணுல படற பக்கத்துல போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தற ஒரு வாசகர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.